பூசை மணி அடித்தால் சுடலாம்

லாரியிலிருந்து என்னை இறக்கிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. அதனால்தான் அங்கே போனேன். எண்பதுகளின் தொடக்கம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோடு. டிரைவருக்கும் எனக்கும் நான் கிளீனராக ஏறின நாளிலிருந்தே ஒத்துவரவில்லை. தார்ப்பாயை ஒழுங்காக இழுத்துக் கட்டவில்லை என்று வண்டியை ஓரங்கட்டி, என் துணிப்பையைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, கிளீனர் இல்லாமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பெங்களூரில் ஓட்டல் மேஜை துடைத்தேன். ஓசூரில் கட்டடத்துக்கு மண் சுமந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் ஜல்லி உடைத்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. சில இடங்களில் போகச் சொன்னார்கள், மற்ற இடங்களில் நானே கிளம்பினேன். பசிகூடப் பழகிவிட்டது. படுக்கிற இடம்தான் பழகவில்லை. பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் லத்தியால் காலில் தட்டுவார். மழை வந்தால் சாரல் படாத மூலைக்கு அடிதடி நடக்கும். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் கடைசியாக எப்போது படுத்தேன் என்று அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ரோட்டை விட்டு வண்டித்தடத்தில் நடந்தால் ஒரு கரடு. பாறையும் முள்ளுமான சின்னக் குன்று. அதன் அடிவாரத்தில் பெரிய மண்மேடு ஒன்றைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே வெகுதூரம் தள்ளி ஒரு கீற்றுப் பந்தல். பந்தலுக்கு வெளியே ஜீப்பும் அம்பாசிடர் கார்களும் நின்றன. உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர்கள் கோணிச் சாக்கின்மேல் குப்புறப் படுத்து ரைபிளைப் பிடித்திருந்தார்கள். வசதியானவர்கள் சேர்ந்து நடத்திய துப்பாக்கி கிளப் அது. நான் தெரியாமல் நடுமைதானத்துக்கே போய்விட்டேன். மிலிட்டரியிலிருந்து ரிட்டயர் ஆன ஹவில்தார் ஒருவர்தான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"யார்றா அது? குண்டு எந்தப் பக்கம் போவுதுன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுங்க. சத்தம் கேட்டுது, வந்தேன்."

"சத்தம் கேட்டா ஓடறவனப் பாத்திருக்கேன். இவன் வரான் பாரு!"

படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அடித்துத் துரத்துவார் என்று நினைத்தேன். பந்தல் ஓரமாக உட்காரச் சொன்னார். சுட்டு முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். பிறகு பக்கத்தில் வந்து, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். ஏழாவது வரை என்றேன்.

"நம்பரு பத்து வரைக்கும் தெரிஞ்சாப் போதும். அதுக்கு மேல இங்க எவனும் சுடறதில்ல."

குழியில் வேலை பார்த்தவன் பெங்களூருக்குப் போய்விட்டானாம். அந்த இடத்தில் நான் சேர்ந்தேன்.

மண்மேட்டுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டின குழி அது. அதற்குள் இரண்டு பேர் நிற்போம். காகிதம் ஒட்டின மரச்சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்த வேண்டும். சுட்டதும் கீழே இறக்கி, ஓட்டை எந்த வட்டத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, நீளக் கொம்பில் கட்டிய தகட்டால் பந்தலுக்குக் காட்ட வேண்டும். பிறகு மைதாப் பசையில் துண்டுக் காகிதத்தைத் தோய்த்து ஓட்டையை மூடி மறுபடி தூக்க வேண்டும். குழிக்குள் ஒவ்வொரு குண்டும் இரண்டு தடவை கேட்கும். முதலில் தலைக்குமேல் சாட்டையைச் சொடுக்கின மாதிரி ஒன்று. துப்பாக்கியின் சத்தம் அதற்குப் பின்னால்தான் வரும். முதல் நாள் முழுக்க இரண்டு சத்தத்துக்கும் குனிந்தேன்.

கூட நின்றவன் கன்னடக்காரன். கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி வைத்துப் பாதிக் காது போனவன். "நீ எதுக்கு மாராயா குனியற? நமக்குப் படற குண்டா இருந்தா நமக்குக் கேக்காது" என்பான். "ஒனக்கு எந்தக் குண்டுமே கேக்காதே" என்று நான் கத்துவேன். அதுவும் அவனுக்குக் கேட்காது. தலையை ஆட்டிச் சிரிப்பான்.

பக்கத்து ஊரில் ஆட்கள் இருக்கும்போது என்னைப் போன்ற வழிப்போக்கனை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பது சில வாரங்கள் போன பிறகுதான் புரிந்தது. கரட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள். எல்லாம் விவசாயக் குடும்பங்கள், பாதிப்பேர் குவாரிக்கும் டவுன் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களில் ஒருவரும் கூலிக்கு வரமாட்டார்கள். டவுனிலிருந்து சாமியார் புல்லட்டில் வந்து பூசை வைப்பார், ஊரே கோயிலுக்குள் இருக்கும்.

மைதானம் நடந்ததும் அதனால்தான். அந்தக் கரட்டில்தான் ஊர் ஆடுகள் மேய்ந்தன, அங்கேதான் விறகும் பொறுக்கினார்கள். கரட்டுக்கு வேலி போட கிளப்புக்கு அதிகாரம் கிடையாது. சிவப்புக் கொடி நட்டுப் பார்த்தார்களாம். இரண்டே வாரத்தில் கொடித்துணி காணாமல் போய்விட்டது. கடைசியில் ஹவில்தாரும், கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயில் மணி அடித்ததும் சுட ஆரம்பிக்கலாம். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தியதும் ஹவில்தார் நீளமாக ஒரு விசில் ஊதுவார். அதற்குப் பிறகு கரடு ஊர்க்காரர்களுடையது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். மணி அடிக்கும்வரை பணக்காரர்கள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

விசில் ஊதியதும் முதலில் வருகிறவள் ஒரு அக்கா. நாற்பது வயதுக்குள் இருக்கும். பூசைக்குக் கட்டின நல்ல சேலையை மாற்றிக்கொண்டு சல்லடையோடு வந்துவிடுவாள். மண்மேட்டைக் கிளறி, சலித்து, நசுங்கின ஈயக் குண்டுகளைப் பொறுக்குவாள். அந்த ஈயம் ஒகேனக்கல்லுக்குப் போகும். அங்கே மீன் பிடிக்கிறவர்கள் அதை உருக்கி வீச்சுவலையின் ஓரத்தில் எடைக்குண்டாகக் கட்டுவார்கள். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். பண்டிகைக்கு மட்டும் வருவான்.

"என்னாப்பா தம்பி, இன்னிக்கி நல்லா சுட்டாங்களா?" என்பாள்.

"ஒருத்தருக்கும் சரியா படலக்கா."

"அதான பாத்தேன். மண்ணுல ஒண்ணயும் காணோம். எல்லாம் மலைக்கு மேல போயிட்டுது போல. கண்ணாடி போட்ட டாக்டர இனிமே வரச் சொல்லாத. அவரு சுட்டா எனுக்கு நஷ்டம்."

என்னையும் விடமாட்டாள். "பஸ் ஸ்டாண்டுல உன் எடத்த எவனும் புடிச்சிக்கலயா? பட்டா வாங்கி வெச்சிக்கப்பா" என்பாள்.

பந்தலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை இருந்தது. சட்டங்களும் காகிதமும் பசை வாளியும் வைக்கிற அறை. மரக்கதவு, உள்தாழ்ப்பாள், வெளியே பூட்டு. வார நாட்களில் முள் வெட்டவும் சட்டம் அடிக்கவும் வருவேன். சாயங்காலம் அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை ஹவில்தாரிடம் கொடுத்துவிட்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் படுக்கப் போவேன். ஒருநாள் அவராகவே சொன்னார்.

"செக்ரட்டரிகிட்ட பேசியிருக்கேன். இந்தக் கோடை முடியட்டும். ஒழுங்கா இருந்தீன்னா ஒன்ன வாட்ச்மேனாப் போட்டு ரூம ஒனக்கே குடுக்கச் சொல்றேன்."

செக்ரட்டரி என்பவர் மாந்தோப்புக்காரர். அதிகம் பேசமாட்டார். அன்று முதல் நான் ஒழுங்காக இருந்தேன். வாழ்க்கையில் அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை. வழியில் எந்த லாரியைப் பார்த்தாலும் ஏறிப் போகலாமா என்று ஒரு அரிப்பு வரும். அறையை நினைத்துக்கொள்வேன், அடங்கிவிடும்.

அந்த வருஷம் ஈஸ்டர் வந்தது. நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். கன்னடக்காரனும் அப்படித்தான், கிளப்பில் இருந்தவர்களும் அப்படித்தான். ஈஸ்டர் பெரிய பண்டிகை என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் ஹவில்தார் உற்சாகமாக இருந்தார்.

"இன்னிக்கி அவங்களுக்கு விசேஷம். பூசை ரொம்ப நேரம் நடக்கும். ஒரு குஞ்சு குளுவான்கூட வெளிய இருக்காது. ஆசை தீர சுடுங்க சார்" என்றார்.

மணி அடித்தது. வழக்கத்தைவிட நீளமாக, நிறுத்தாமல் அடித்தார்கள். பண்டிகை அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் சட்டத்தைத் தூக்கினோம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனிலிருந்து கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள் என்பதும், ஈஸ்டர் பூசை முந்தின நாள் நடுராத்திரியே முடிந்துவிடும் என்பதும் எனக்குப் பிற்பாடு உபதேசியார் சொல்லித் தெரிந்தது. காலையில் பூசையே கிடையாது. இத்தனை நாள் சும்மா கிடந்த மணியை இளவட்டங்கள் சந்தோஷத்தில் அடித்திருக்கிறார்கள். ஊர் அப்போது விழித்துக்கொண்டு, நாற்பது நாள் நோன்புக்குப் பிறகு கறி எடுத்து அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் எங்கள் நினைப்பு வரவில்லை. பண்டிகை நாளில் எவன் சுடுவான் என்று இருந்துவிட்டார்கள்.

கல்லில் பட்டுத் திரும்புகிற குண்டு ஒரு மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டு போகும். அன்றைக்கு அப்படி ஒன்று போனது. அதற்குப் பின்னால் கரட்டின் வலதுபக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஆடு என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது. ஆடு இல்லை. கன்னடக்காரன் ஒன்றும் கேட்காமல் ஓட்டையை மூடிக்கொண்டிருந்தான். நான் கொம்பைத் தூக்கி வெறிபிடித்தவன் மாதிரி ஆட்டினேன். பந்தலில் இருந்தவர்கள் குறி தப்பினதாகக் காட்டுகிறேன் என்று நினைத்து இன்னொன்று சுட்டார்கள். சட்டையைக் கழற்றிக் கொம்பில் மாட்டி ஆட்டியபோதுதான் விசில் வந்தது.

விறகுக்கு வந்திருந்தாள் அந்த அக்கா. கட்டின விறகு பக்கத்தில் கிடந்தது. வலது தோளுக்குக் கீழே சேலை முழுவதும் நனைந்திருந்தது. அவள் கத்தவில்லை. நான் கேட்ட சத்தத்தோடு சரி. பாறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அடுப்புல கறி கெடக்குது, யாராச்சும் போயி எறக்குங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டார்கெட் சட்டத்தையே படுக்கையாக்கித் தூக்கிவந்தோம். சட்டத்தின் ஒரு முனையைச் செக்ரட்டரியே பிடித்தார். அவர் காரில் தர்மபுரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு நொறுங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள்.

போலீஸ் வந்தது. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. தான்தான் தெரியாமல் உள்ளே வந்துவிட்டதாக அவளே ஆஸ்பத்திரியில் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டாள். ஊரிலும் யாரும் மறுத்துப் பேசவில்லை. இதற்கிடையில் ஹவில்தாருக்கு ஒரு நியாயம் கிடைத்தது. மண்ணைச் சலித்துச் சலித்துக் கல்லை மட்டும் மேட்டில் விட்டவள் அவள்தான், அந்தக் கல்லில் பட்டுத்தான் குண்டு திரும்பியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அது பொய்யும் இல்லை.

நான் சேலத்துக்குப் போய்ப் பார்த்தேன். கை, மார்பு எல்லாம் மாவுக்கட்டு. புருஷன் கட்டிலுக்குக் கீழே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"வேற என்னா சொல்றது? வந்தது அவங்க காரு. திரும்பி வூட்டுக்குப் போறதுக்கும் அவங்க காருதான வரணும்." பேச்சை மாற்றி, "உன் ரூமு என்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

"குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"வாங்கிக்க. இதுல ஒனக்காச்சும் ஒண்ணு நடக்கட்டும்."

அறை கோடை முடியும்வரை காத்திருக்கவில்லை. இனி அங்கே எந்நேரமும் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று கிளப்பில் முடிவு செய்து சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். சட்டங்களை ஒரு சுவரில் சாய்த்துவிட்டுப் பாய் விரித்தேன். மைதாப் பசை புளித்த நாற்றம் அடித்தது. ஆனாலும் விடியும்வரை யாரும் என் காலைத் தட்டவில்லை.

ஹவில்தார் உபதேசியாரிடமிருந்து கோயில் காலண்டர் ஒன்றை வாங்கிவந்து அறையில் மாட்டினார். எந்த ஞாயிறு பூசை உண்டு, எது ராப்பூசை என்று கேட்டுப் பென்சிலால் குறித்தார். சில வாரங்கள் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி சுட ஆரம்பித்தார்கள். முதல் ஞாயிறு மணி அடித்தது. நான் குழிக்குள் இறங்கவில்லை. கரட்டின்மேல் ஏறி, அந்தக் கோடிவரை நடந்து, இரண்டு பக்கச் சரிவையும் பார்த்துவிட்டு வந்துதான் சுடலாம் என்று கொடி காட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் ஏறினேன். அதற்கடுத்ததும்.

பூசை நடக்கிற நேரம்தான் அவர்களுக்குச் சுடுகிற நேரம். அதில் பாதியை நான் கரட்டில் கழித்தேன். ஒரு தடவைகூட மேலே ஆள் இருந்ததில்லை. ஒருநாள் ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். டவுனிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு எரிச்சல் வந்தது. செக்ரட்டரி ஒருநாள் என்னிடமே சொன்னார்.

"காலண்டர் இருக்குது, மணி இருக்குது. நீ என்னாத்துக்கு மலையேறிக்கினு இருக்க? குழியில நிக்கறதுன்னா நில்லு. ரூம்ல இரு. மலைதான் ஏறுவேன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறோம்."

மழை ஆரம்பிக்கிற நேரம். எனக்கு அறை வேண்டும். நிற்கிறேன் என்று சொன்னேன். அடுத்து வந்த சில ஞாயிறுகள் குழியில் நின்றேன். காது முழுக்கக் கரட்டின்மேலேயே இருந்தது. ஒன்பதை ஏழு என்று காட்டினேன். ஓட்டையே இல்லாத காகிதத்துக்குப் பத்து காட்டினேன். அங்கே சுட வருகிற ரைஸ் மில்காரருக்கும் டாக்டருக்கும் அதனால் பெரிய வாய்ச்சண்டை வந்தது. கன்னடக்காரன் கொம்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "நீ பசை தடவு மாராயா, போதும்" என்றான். பசையையும் ஒழுங்காகத் தடவவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மணி அடித்ததும் கரட்டில் ஏறிவிட்டேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்லமாட்டேன். கால் அந்தப் பக்கம் போனது. கீழே விசில் விட்டுவிட்டுக் கேட்டது. ஹவில்தார் கையை ஆட்டிக் கூப்பிட்டார். கோடிவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். யாரும் இல்லை. இறங்கி வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்டா" என்று மட்டும் சொன்னார்.

வேறு ஆள் அடுத்த ஞாயிறே வந்துவிட்டான். என் வயதுதான் இருக்கும். அவன் பையும் என் பை மாதிரியே இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான்.

"பாம்பு வருமாங்க?"

"மழைக்கு வரும். கதவுக்குக் கீழ கோணிய அடைச்சிக்க."

சரிங்க என்றான். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நின்றேன். மலையேறச் சொன்னால் இவனுக்கும் அறை போய்விடும். சொல்லாமல் வந்துவிட்டேன்.

ரோட்டில் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னால் சுட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் வருகிற வழியாக இல்லை. வெகுநேரம் கழித்து அக்கா வந்தாள். வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்தே நின்றன. சல்லடை இடது இடுப்பில் இருந்தது. மண்மேட்டு ஈயத்தை இனி அவள் ஒருத்திதான் எடுக்கலாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். நஷ்டஈடு என்று அவளுக்குக் கிடைத்தது அதுதான். விசிலுக்குக் காத்திருக்க வந்திருந்தாள்.

"பூசைக்குப் போவலயாக்கா?"

"சாமியாரு இன்னிக்கி நீட்டிட்டாரு. இந்தக் கையோட முட்டி போட முடியல, எழுந்து வந்துட்டேன். பையத் தூக்கிக்கினு எங்க கெளம்பிட்ட?"

சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரூம வுட்டுட்டியா? அறிவு கெட்டவனே! நான் ஒன்ன மலையேறச் சொன்னனா? ஊருல எவனாச்சும் சொன்னானா?"

"யாரும் சொல்லலக்கா."

"அப்பறம் என்னா மயித்துக்கு ஏறுன?"

நான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். அதற்குள் கரட்டுப் பக்கமிருந்து நீளமான விசில் வந்தது.

"சரி, போ. எங்கியாச்சும் நல்லா இரு" என்றாள். மடங்காத கையை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, சல்லடையோடு வண்டித்தடத்தில் வேகமாக நடந்தாள்.